தேசியக் கட்டடக்கலை விருதுக்கு முதல் விண்ணப்பம்: உரிமையாளர் கையெழுத்திலிருந்து கடைசித் தாள் வரை

விருது விண்ணப்பத்தில் கிடைக்கக் கடினமான காகிதம் வரைபடமோ புகைப்படமோ அல்ல, வீட்டுக்காரரின் கையெழுத்து. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர் வெளிநாட்டில் இருப்பார். அல்லது கடைசித் தவணைக் கட்டணத்தில் மனக்கசப்பு இருக்கும். அல்லது வீட்டின் உட்புறம் இணையத்தில் வருவதை அவர் குடும்பம் விரும்பாது. அதனால் இந்த வழிகாட்டியில் காகித வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை: இந்தியாவில் கட்டடக்கலைஞர்கள் விருதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? மற்ற தொழில்களைப் போல அவர்கள் விளம்பரம் செய்துகொள்ள முடியாது. 1972ஆம் ஆண்டு கட்டடக்கலைஞர்கள் சட்டத்தின் கீழ் வந்த 1989 தொழில் நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. கட்டிய கட்டடத்தில் பெயர்ப் பலகை வைக்கலாம், ஆனால் எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று அளவு உட்பட எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை வெளியே தெரிய மிஞ்சியிருக்கும் சில கௌரவமான வழிகளில் விருதும் ஒன்று.

எந்த விருது

இந்தியக் கட்டடக்கலைஞர்கள் நிறுவனம் (ஐஐஏ, 1917இல் தொடங்கியது) ஆண்டுதோறும் தருகிற தேசிய விருதுகள் அதன் உறுப்பினர்களுக்கானவை. உறுப்பினர் இல்லையென்றால் முதலில் உங்கள் ஊர் மையத்தில் சேருங்கள். சேர்க்கைக்கு நேரம் பிடிக்கும், அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பலனில்லை. ஜேகே சிமென்ட் நிறுவனம் 1990இல் தொடங்கிய 'ஆண்டின் கட்டடக்கலைஞர்' விருதுகளில் இந்தியாவுக்கும் அண்டை நாடுகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் வடிவமைப்பு விருதுகள் குறைந்த செலவு வீடு, பசுமைக் கட்டடம் போன்றவற்றைப் பார்ப்பவை. இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு, கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான கட்டடக்கலை மன்றத்தின் தேசிய விருது தனி. அதில் மண்டலச் சுற்றைத் தாண்டித்தான் தேசியச் சுற்று. இலங்கை வாசகர்களுக்கு, அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெயரிலான விருது இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தரப்படும் அது 2007இல் தொடங்கியது. (பாவாவின் கை தமிழ்நாட்டிலும் உண்டு. 'மதுரை கிளப்' அவர் வடிவமைத்ததுதான்.)

அறிவிப்புக் கையேட்டை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை பிரிவுகளுக்காக, இரண்டாம் முறை தேதிகளுக்காக. கட்டடம் எந்த நாளுக்கும் எந்த நாளுக்கும் இடையே முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு காலவரம்பு இருக்கும். இளம் கட்டடக்கலைஞர் பிரிவானால் வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதும் இருக்கும். சென்ற ஆண்டு விதி இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்பி விண்ணப்பித்து, திறந்துகூடப் பார்க்கப்படாமல் ஒதுக்கப்படுவது எல்லா ஆண்டும் நடப்பது.

பிரிவைத் தேர்வதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, போட்டி குறைவு என்று நினைத்து வேறு பிரிவில் நுழைவது. சாதாரண நல்ல வீட்டை 'நிலைத்தன்மை' பிரிவில் போட்டால் அங்கே மின்நுகர்வுக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் வைத்திருப்பவர்களோடு மோத வேண்டிவரும். வீட்டை வீட்டுப் பிரிவிலேயே போடுங்கள்.

காகிதங்கள்: கடைசித் தேதிக்குப் பத்து வாரம் முன்பு

முதலில் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம். அதில் நான்கு விஷயங்கள் தனித்தனியாக இருக்கட்டும்: விருதுக்கு அனுப்பச் சம்மதம், படங்களை வெளியிடச் சம்மதம், முகவரியை வெளியிடலாமா கூடாதா, நடுவர்கள் நேரில் வந்தால் உள்ளே விடுவாரா. பொதுவாக 'ஆட்சேபணை இல்லை' என்று ஒற்றை வரியில் வாங்கினால் பிறகு படம் வெளியாகும்போது சண்டை வரும். இதை வீடு ஒப்படைக்கும் நாளிலேயே, கிருகப்பிரவேசச் சந்தோஷம் ஆறுவதற்குள் வாங்கி வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

அடுத்தது பதிவுச் சான்று. கட்டடக்கலை மன்றப் பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி, பதிவான ஆண்டோடு வரும். அது நடப்பில் இருக்கிறதா, புதுப்பிக்கத் தவறிவிட்டதா என்று பாருங்கள். பதிவு இல்லாதவர் தன்னைக் கட்டடக்கலைஞர் என்று குறிப்பிடுவதே சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி குற்றம். விருதுக் குழு இதில் விட்டுக்கொடுக்காது.

கட்டடம் முடிந்ததற்கான சான்று மூன்றாவது. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் வீடு அந்த விலக்கில் வந்தால் சான்று இல்லையே என்று பதற வேண்டாம். திட்ட அனுமதியின் நகல், மின் இணைப்பு கிடைத்த தேதி, உரிமையாளர் குடியேறிய தேதியைக் குறிப்பிடும் கடிதம் ஆகிய மூன்றையும் இணைத்து, இதுபோதுமா என்று ஏற்பாட்டாளரிடம் மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டு, பதிலையும் சேர்த்து வையுங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் பதிலாகாது.

திட்ட அனுமதியில் இருக்கும் வரைபடமும் கட்டிய கட்டடமும் ஒன்றா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். பக்கவாட்டு இடைவெளியில் அரை மீட்டர் தின்றிருந்தால், அல்லது மொட்டைமாடியில் அனுமதியில்லாத ஓர் அறை எழும்பியிருந்தால், விருதுத் தாளில் அதை அழகாக வரைந்து நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். அந்த வேலையை அனுப்பாமல் இருப்பது நல்லது.

பெயர்ப் பட்டியலில்தான் மனஸ்தாபம் வரும். தலைமைக் கட்டடக்கலைஞர், திட்டத்தைக் கையில் வைத்து நடத்தியவர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மின்சாரம்-பிளம்பிங் ஆலோசகர், நிலவடிவமைப்பாளர், கான்ட்ராக்டர், முடிந்தால் மேஸ்திரியும் தச்சரும். நடுவில் வேலையை விட்டுப் போனவர் பெயரையும் அவர் இருந்த காலத்தோடு சேருங்கள். கூட்டு வேலையாக இருந்தால் மற்ற அலுவலகத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். ஒரே கட்டடத்தை இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாக அனுப்பினால் இரண்டுமே அடிபடும்.

புகைப்படம்

படத்துக்கு உரியவர் யார்? பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் சொன்னவரே என்கிறது. ஆனால் 'மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற நிபந்தனையோடு. கட்டடப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் அந்த மாறான ஒப்பந்தத்தைத்தான் கையில் வைத்திருப்பார்கள். பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு, உரிமை அவர்களுக்கு. ஆகவே ஒப்பந்தத்தில் 'விருது விண்ணப்பம், விருது ஏற்பாட்டாளர் வெளியீடு' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வெற்றி பெற்ற பிறகு இதழில் படம் வரும்போது தனிக் கட்டணம் கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமையும்கூட.

எப்போது எடுப்பது? சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிவு, செடிகள் பச்சை. மே மாத வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் வெந்துபோகும், புல்லும் காய்ந்திருக்கும். காலை முதல் ஒன்றரை மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும் வெளிப்புறத்துக்கு. உள்முற்றம் வைத்த வீடாக இருந்தால் நண்பகலையும் விட்டுவிடாதீர்கள், ஒளி மேலிருந்து உள்ளே இறங்குவதைக் காட்ட அந்த நேரம்தான் உண்டு. கேமராவை முக்காலியில், தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். சுவரின் செங்கோடுகள் சாயக் கூடாது. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடம் பின்னால் விழுவதுபோல் தெரியும், அதற்காகத்தான், கேமராவைச் சாய்க்காமலே மேற்பகுதியைப் படத்துக்குள் கொண்டுவரும் ஷிஃப்ட் லென்ஸ்.

ஆள் இல்லாத படங்களையே அடுக்காதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் இல்லாமல் பத்துப் படம் வந்தால், திறப்பு விழாவுக்கு முன்தினம் எடுத்தது என்று நடுவர் புரிந்துகொள்வார்.

திருத்தம் எந்த அளவு வரை? குறுக்கே போகும் கேபிளை அழிப்பது பொதுவாகப் பொறுத்துக்கொள்ளப்படும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் ஏசி வெளி யூனிட்டையும் அழித்தால், வடிவமைக்காமல் விட்டதை மறைக்கிறீர்கள் என்று பொருள். பக்கத்து வீட்டை அழித்துத் தோப்பாக்குவது மோசடி. நேரில் பார்க்க வரும் விருதுகளில் இது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டி முடித்த கட்டடங்களுக்கான பிரிவில் கணினியில் உருவாக்கிய தோற்றப்படம் ஒன்றுகூட இருக்க வேண்டாம், உண்மைப் படம்போல் இருக்கிறது என்ற பெருமைக்காகக்கூட.

வரைபடங்கள்

வேலைக்குக் கொடுத்த வரைபடத்தை அப்படியே ஒட்டுவதுதான் பரவலான தவறு. அதில் மேஸ்திரிக்கும் கம்பி கட்டுபவருக்கும் தேவையான அளவுகள், கதவு எண்கள், குழாய்க் குறிகள் நிறைந்திருக்கும். நடுவருக்கு அவை தேவையில்லை. விருதுக்கென்று புதிதாக வரையுங்கள், அதுவும் கட்டி முடித்த நிலையை அளந்து. சைட்டில் ஜன்னல் நகர்ந்திருக்கும், படிக்கட்டு திரும்பியிருக்கும். படத்தில் வலப்பக்கம் இருக்கும் ஜன்னல் பிளானில் இடப்பக்கம் இருந்தால், மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

தெருவையும் பக்கத்துக் கட்டடங்களையும் மரங்களையும் காட்டும் மனை வரைபடம் 1:500இல். தளங்கள் 1:100இல். குறுக்குவெட்டு குறைந்தது இரண்டு, அதில் ஒன்று மனித உருவங்களோடும் தெருவோடும். ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்க வரைபடம் ஒன்றோ இரண்டோ 1:20இல் அல்லது 1:10இல். வெறும் 'அளவு 1:100' என்று எழுதினால் போதாது. ஏ1 தாளை ஏ3க்குச் சுருக்கி அச்சிட்டால் நீளங்கள் பாதியாகும், 1:100 என்பது 1:200 ஆகிவிடும். எழுதியது பொய்யாகிவிடும். அளவுக்கோட்டுப் பட்டை ஒன்றை வரைந்துவிட்டால் தாளோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். வடக்குக் குறியும் ஒவ்வொரு பிளானிலும் ஒரே திசையைக் காட்டட்டும்.

கோட்டுத் தடிமன்: வெட்டப்பட்ட சுவர் 0.5 மில்லிமீட்டர், அப்பால் தெரிவது 0.18, தரை ஓடுகளின் கோடு 0.09. திரையில் எல்லாம் சமமாகத் தெரிகிறது என்று விட்டால் அச்சில் ஓட்டுக் கோடுகள் சுவரைத் தின்றுவிடும்.

வடக்குக் குறியைச் சொன்னதும் சூரியனும் வருகிறது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே அல்ல, வடக்கே சாய்ந்து நிற்கும். ஜூன் 21இல் உச்சியிலிருந்து சுமார் 10 பாகை வடக்கு. 'வடக்கு முகத்தில் வெயில் விழாது' என்று எழுதி, நிழல் தடுப்பில்லாத கண்ணாடிச் சுவரைக் காட்டும் தாள்கள் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் போகின்றன. காற்று அம்புக்குறிகளும் அப்படியே. ஜன்னல் இருபுறமும் இல்லாத அறையில் நீல அம்பு பாய்ந்து வெளியேறும். நடுவர் குழுவில் ஒருவர் போதும் அதைப் பிடிக்க.

கருத்தை விளக்கும் ஒற்றைப் படம் ஒன்று வேண்டும். இந்தோரில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த அரண்யா குடியிருப்பு 1995இல் ஆகா கான் பன்னாட்டுக் கட்டடக்கலை விருது பெற்றது. அதன் உயிர் முகப்பில் இல்லை; ஏழைக் குடும்பத்துக்கு மனையோடு அடிமேடையையும் கழிப்பறை, தண்ணீர் வசதிகளையும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவர்களே காசு சேரச்சேரக் கட்டிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாட்டில். அதைச் சொல்ல ஒரே வீடு மூன்று காலகட்டத்தில் வளர்வதைக் காட்டும் சிறு கோட்டுப் படம் போதும். உங்கள் கட்டடத்தை அப்படி ஒரு சிறுபடத்தில் சொல்ல முடியவில்லையென்றால் தாளை வடிவமைக்கத் தொடங்காதீர்கள்.

எழுத்துக் குறிப்பு

300 சொல் கேட்டால் 300க்குள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'இயற்கையோடு இயைந்த', 'மரபும் நவீனமும் சந்திக்கும்' போன்ற தொடர்கள் எவ்வளவு வெற்று என்பது தாய்மொழியில் உடனே கேட்கும்.

மனை எங்கே, எவ்வளவு, யார் கேட்டார்கள், என்ன பணம், எது தடையாக இருந்தது, அதற்கு என்ன முடிவெடுத்தீர்கள், குடிவந்த பிறகு என்ன நடந்தது. இந்த வரிசை போதும். 'செலவைக் குறைத்தோம்' என்பதைவிட 'சுவர்கள் எலிப்பொறிக் கட்டு முறையில் (செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது), 9 அங்குலத் தடிமனில், செங்கல் சுமார் கால்பங்கு மிச்சம்' என்பது பேசும். 'ஆற்றல் சேமிப்பு' என்றால் கணக்கு வையுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கொன்று, ஆகவே ஆண்டுக்கு ஆறு ரசீது. ஆறையும் கூட்டி 3,600 யூனிட் வந்து, கட்டடப் பரப்பு 180 சதுர மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 20 யூனிட். கூரையில் சோலார் இருந்தால் ரசீதில் இருப்பது கழித்த பிறகு வரும் எண். சோலாரிலிருந்து வீடே நேரடியாகப் பயன்படுத்தியதையும் சேர்த்தால்தான் உண்மையான நுகர்வு. பரப்பைச் சதுர அடியில் போட்டு யூனிட்டைச் சதுர மீட்டருக்குச் சொல்வதும் நடக்கிறது. பத்து மடங்குக்கு மேல் தவறும்.

பசுமைத் தரச்சான்றுக்குப் பதிவு மட்டும் செய்திருந்தால் 'பதிவு செய்யப்பட்டது' என்றே எழுதுங்கள். சான்று வராமல் 'சான்று பெற்றது' என்று எழுதியது சரிபார்ப்பில் தெரியவந்தால் முழு விண்ணப்பமும் போகும். மழைநீர் சேகரிப்பைச் சாதனையாக எழுதவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம். அதற்கு மேல் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பழங்கட்டடச் சீரமைப்பானால் குறிப்பின் பாதி, எதைத் தொடாமல் விட்டீர்கள் என்பதற்குப் போகட்டும். பழுது எங்கெங்கே என்று காட்டும் வரைபடம், சுண்ணாம்புக் காரையின் கலவை விகிதம், ஒரே கோணத்தில் முன்-பின் படங்கள். முன் படம் எடுக்காமல் வேலை தொடங்கிவிட்டால் அந்தப் பிரிவில் வாதாட வழியே இல்லை.

தாள் அமைப்பும் பெயர் மறைப்பும்

ஏ1 தாள் 594 × 841 மில்லிமீட்டர். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், அது 7016 × 9933 புள்ளிகள். முழுப் பக்கப் படத்துக்கு இவ்வளவு வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது. ஏ1இல் சிறு எழுத்தின் அளவு 18 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். ஏ3க்குச் சுருங்கும்போது அது 9 ஆகும், அதற்குக் கீழே போனால் படிக்கச் சிரமம். ஒரு தாளில் ஒரு பெரிய படம், மற்றவை அதற்கு அடங்கியவை. பதினாறு படங்களைச் சம கட்டங்களாக அடுக்கினால் கல்யாண ஆல்பம் ஆகிவிடும்.

நடுவர்களுக்குப் பெயர் தெரியக் கூடாது என்ற விதி உள்ள விருதுகளில், பெயர் கசியும் இடங்கள் இவை: பிளானின் மூலையில் விட்டுப்போன தலைப்புக் கட்டம், பிடிஎஃப் கோப்பின் 'ஆசிரியர்' விவரம், கோப்புப் பெயர், படத்தின் ஓரத்தில் புகைப்படக்காரர் அடையாளம், சைட் படத்தில் தெரியும் உங்கள் அலுவலகப் பலகை. பிடிஎஃப் விவரங்களைத் திறந்து பார்த்து அழியுங்கள். வரைபட மென்பொருள் அதைத் தானாக நிரப்பிவிடும்.

தாளில் தமிழ் எழுத்து இருந்தால் அதை எழுத்துருவாக விடாமல் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் கணினியில் கொம்புகள் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். அச்சுக்கு அனுப்பும் முன் ஏ3இல் ஒன்று எடுத்து, கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் இரண்டு நிமிடம் கொடுங்கள். வாங்கி மறைத்துவிட்டு, வாசல் எந்தப் பக்கம், என்ன விசேஷம் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் தாளைத் திருத்துங்கள்.

பலகையில் ஒட்டி அனுப்பச் சொன்னால் 5 மில்லிமீட்டர் ஃபோம் பலகை போதும். கூரியரில் மூலை நசுங்கும், இருபுறமும் மெல்லிய பிளைவுட் வைத்துக் கட்டுங்கள்.

அனுப்புதல்

கட்டணத்தோடு ஜிஎஸ்டி சேர்கிறதா என்று பாருங்கள். 18 சதவீதம் குறைத்துச் செலுத்தி விண்ணப்பம் நிலுவையில் நிற்பதுண்டு. வங்கிப் பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணக்கிலிருந்து பணம் போய், விண்ணப்பம் தனிப்பெயரில் இருந்தால் அதை மின்னஞ்சலில் தெரிவியுங்கள். கடைசி நாள் இரவு 11 மணிக்கு 200 எம்பி கோப்பை ஏற்றினால் தளம் நிற்கும். இரண்டு நாள் முன்பே ஏற்றி, ஏற்றியதை மறுபடி இறக்கித் திறந்து பாருங்கள். ஒப்புகை மின்னஞ்சல் வரவில்லையென்றால் விண்ணப்பம் போகவில்லை என்றே கொள்ளுங்கள்.

சுருக்கப்பட்டியலில் வந்தால், நேரில் பார்வையிட வருபவரிடம் நீங்களே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு பின்னால் நடக்காதீர்கள். அங்கே வசிப்பவர் பேசட்டும். ஒழுகிய கூரை இருந்தால் ஒழுகியது, இப்படிச் சரிசெய்தோம் என்று சொல்லுங்கள். ஈரக்கறையின் மேல் அவசரமாகப் பூசிய வண்ணம் எப்படியும் தனியாகத் தெரியும்.

விருது வரவில்லையென்றால் அடுத்த ஆண்டு காலவரம்புக்குள் கட்டடம் இன்னும் இருக்கிறதா என்று முதலில் கணக்கிடுங்கள். இருந்தால் புதுப் படங்களோடு, ஓராண்டு மின் ரசீதுகளோடு திரும்ப அனுப்பலாம். ஆகா கான் போன்ற பன்னாட்டு விருதுகள் குறைந்தது ஓராண்டாவது பயன்பாட்டில் இருந்த கட்டடத்தையே ஏற்கும் என்பதால் இந்தக் காத்திருப்பு அங்கேயும் உதவும்.

வந்துவிட்டால், வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் முதலில் போன் செய்யுங்கள். பிறகு வாசலில் பெயர்ப் பலகை வைக்கலாம். எழுத்து 10 சென்டிமீட்டருக்குள்.